ஆறு விநாடி மூச்சு

விடியற்காலைத் தும்மலுக்கு எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. கோவிலில் முதல் மணி ஒலிக்கும் வேளையில் என் பேத்தி கண் விழிப்பாள்; விழித்ததும் தும்மத் தொடங்குவாள். அவளுடைய தாத்தா உயிரோடிருந்த நாள்களில் அதை விளையாட்டாக எண்ணுவார். பதினேழு வரை எண்ணி, "இன்று பூசைக்கு மணி அடிக்கத் தேவையில்லை" என்று சிரித்த நாளும் உண்டு. நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

என் மகளும் மருமகனும் சென்னையில் பணிபுரிகின்றனர். பேத்தி இரண்டு வயது முதல் திருச்சியில் என்னிடமே வளர்கிறாள். இரவில் என் பக்கத்தில்தான் படுக்கை. ஆகவே அவளுடைய உடல்நலத்தைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர் வேறெவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த பிழையின் அளவு வாசகர்களுக்கு விளங்க வேண்டுமல்லவா?

மூக்கு எந்நேரமும் நீராய் ஒழுகும், அல்லது அடைத்துக் கொள்ளும். வாயைத் திறந்தபடியே உறங்குவாள். கண்ணின் கீழே மை தீட்டியதுபோல் கருமை படர்ந்திருக்கும். உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துக் கொள்வது அவளுக்கு ஓயாத வழக்கம். அப்படித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிட்டது. புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பில் கைகூப்பி நிற்க வேண்டிய நேரத்திலும் கை மூக்குக்குப் போகிறது என்று அருட்சகோதரி குறைப்பட்டுக் கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் அந்தப் பிஞ்சுக் கையின்மேல் ஒரு தட்டுத் தட்டினேன். மூக்கு ஒவ்வாமையுள்ள குழந்தைகள் இப்படித் தேய்த்துக் கொள்வதை மருத்துவர்கள் "ஒவ்வாமை வணக்கம்" என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதும், அது கெட்ட பழக்கமன்று, நோயின் அடையாளம் என்பதும் எனக்கு வெகு பிந்தியே தெரிய வந்தது.

வைத்தியம் செய்யாமலில்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். கற்பூரவல்லியும் தூதுவளையும் எங்கள் கொல்லையிலேயே உண்டு. அவற்றுக்கு மசியாதபோது மருந்துக் கடையில் செட்டிரிசின் சிரப் வாங்கி இரவில் ஒரு கரண்டி ஊற்றுவேன். இரண்டு நாள் தணியும். மூன்றாம் நாள் பழையபடி தும்மல்.

இவையெல்லாம் மகளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நள்ளிரவு கடந்து இரண்டு மூன்று மணி அளவில் குழந்தை இருமுவாள். வறட்டு இருமல். சில இரவுகளில் மூச்சு வெளியேறும்போது புல்லாங்குழலின் அடித்துளையில் காற்றுப் போவதுபோல் ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும். எழுப்பி உட்கார வைத்து, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுப்பேன். அரை மணியில் அடங்கிவிடும். காலையில் யாரிடமும் நான் பேசியதில்லை.

ஏன் பேசவில்லை? எனக்கு ஒரு தங்கை இருந்தாள். சிறு வயது முதல் அவளுக்கு இரைப்பு. 1980ஆம் ஆண்டையொட்டி அவளுக்கு வரன் பார்த்தபோது, ஒருமுறை ஓலை வாசிக்கும் நாள்கூடக் குறித்தாயிற்று. பெண்ணுக்கு ஆஸ்துமா என்று எவரோ போய்ச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப்பின் வந்த இரண்டு இடங்களும் அதே வார்த்தையால் தட்டிப் போயின. அவள் தையல் கற்றுக்கொடுத்துக்கொண்டு தனியாகவே வாழ்ந்து முடித்தாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டின் நிலைப்படியைத் தாண்டி மறுபடியும் வரக்கூடாது என்று நான் எனக்குள் ஒரு வேலி போட்டிருந்தேன். "சளி" என்று சொல்லலாம். "ஒவ்வாமை" என்றுகூடச் சொல்லலாம், அது கௌரவமான சொல். மற்றதைச் சொல்லக்கூடாது.

("அலர்ஜி" என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவரான கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பவர். மருத்துவம் படிப்பதற்குமுன் அவர் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றவராம். இதை எழுதும்போது படித்தறிந்தேன். சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.)

பேத்திக்கு ஒன்பது வயது நடக்கையில், கோடை விடுமுறையில் மகள் அவளைச் சென்னைக்கு அழைத்தாள்; நானும் உடன் சென்றேன். அங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகளின் ஒவ்வாமைக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஊசி என்றால் குழந்தைக்கு உயிர் போகும். "ஊசி இல்லையாம் கண்ணு, ஊதினால் போதுமாம்" என்று சமாதானம் சொல்லியே கூட்டிச் சென்றோம்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தார். குறுக்குக் கோட்டையும் கண்ணடிக் கருமையையும் கவனித்தார். பிறகு கேள்விகள். எந்த நேரத்தில் தும்மல்? எந்த அறையில் மிகுதி? வீட்டில் எவருக்கேனும் இப்படி உண்டா? எல்லாவற்றுக்கும் என் மகள் விடை சொன்னாள். கடைசியாக, "இரவில் இருமல் உண்டா? மூச்சில் சத்தம் கேட்குமா?" என்று கேட்டபோது மகள் என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் இல்லை டாக்டர், வெறும் சளிதான்" என்றேன். குரல் தடுமாறவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்குப் பொய் சொல்லவும் தெரிந்திருந்தது.

பக்கத்து அறையில் மூச்சுச் சோதனை. மேசைமேல் வைக்கும் சிறு கருவி. அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் வாயில் கவ்வும் வடிகட்டி. முதலில் அதன் வழியாகவே மூச்சை நன்றாக உள்ளிழுக்க வேண்டும். வெளிக்காற்றில் கலந்திருக்கும் வாயு கணக்கைக் கெடுக்காதபடி அது வடிகட்டப்படுகிறது. பிறகு ஒரே சீராக ஊத வேண்டும். வேகமாக ஊதினாலும் செல்லாது. மெதுவாக ஊதினாலும் செல்லாது. விநாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற அளவில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் 6 விநாடியும் பெரியவர்கள் 10 விநாடியும் ஊத வேண்டுமாம். குழந்தைகளுக்காகத் திரையில் ஒரு மேகம் காட்டப்பட்டது. ஊதும் விசை சரியாயிருந்தால் மேகம் இரு கோடுகளுக்கு இடையில் மிதக்கும்.

முதல் முறை பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் ஊதினாள். மேகம் கூரைக்குப் பறந்தது. இரண்டாம் முறை பாதியில் சிரித்துவிட்டாள். மூன்றாம் முறை, கண்ணை அகல விழித்து, கன்னம் உப்பாமல், மேகத்தை அதன் பாதையிலேயே கொண்டு போய்ச் சேர்த்தாள். அந்த ஆறு விநாடியும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் சோதனை. இரத்தமில்லை, வலியில்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளால் பெரும்பாலும் இவ்வாறு சீராக ஊத இயலாது என்று அங்கிருந்த செவிலியர் கூறினார்.

மூக்கு நோய்க்கு ஏன் வாயால் ஊதச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஐயம். செவிலியரைக் கேட்டேன், மீதியைப் பின்னர் படித்தும் தெரிந்துகொண்டேன். கருவி அளப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. (பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, அது நைட்ரஸ் ஆக்சைடு.) வண்டிப் புகையிலும் உள்ள இந்த வாயுவை நம் உடலே சிறிதளவு உண்டாக்கிக் கொள்கிறது என்பதும், இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் தூதுவனாக அது பணிபுரிகிறது என்பதும் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூன்று அறிஞர்களுக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் வெளிவிடும் மூச்சிலும் அது இருக்கிறதென்று 1991இல் சுவீடன் நாட்டில் குஸ்டாஃப்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்தனர். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது மிகுந்திருக்கிறது என்பது 1993இல் அதே நாட்டிலிருந்து வெளிவந்தது. ஒவ்வாமையால் மூச்சுக்குழாய்ச் சுவரில் அழற்சி உண்டாகும்போது, அங்குள்ள உயிரணுக்கள் இந்த வாயுவை வழக்கத்துக்கு மேல் சுரக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அழற்சி மூச்சில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது.

ஆனால் மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் இதே வாயு நுரையீரலில் உள்ளதைவிடப் பன்மடங்கு சுரக்கிறது. அது கலந்துவிட்டால் கீழேயுள்ள குழாயின் நிலை தெரியாது. ஆகையால் கருவியில் சற்றே எதிர்ப்பு வைத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து ஊதும்போது உள்நாக்குப் பகுதி எழும்பி மூக்கின் வழியை அடைத்துக் கொள்கிறது. மூக்கிலிருந்தே நேராக இழுத்து அளக்கும் முறையும் உண்டு. ஆனால் மூக்கு ஒவ்வாமைக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. ஒவ்வாமை வாயுவைக் கூட்டும். மூக்கடைப்போ பொந்துகளின் வாசலை மூடி அதைக் குறைக்கும். எது எதை வென்றது என்று எப்படிச் சொல்வது? ஆக, மூக்கில் நோயுள்ள குழந்தையிடம் மூக்கை விலக்கிவிட்டே இந்தச் சோதனை செய்யப்படுகிறது. மூக்கின் நோயைப் பெயர் சொல்லிக் காட்ட அன்று, மூக்கோடு நின்றுவிட்டதா, நெஞ்சுக்கும் இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்க்கவே இது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள் என்றும், மூக்கு ஒவ்வாமை நீடித்திருப்பவர்களிடம் ஆஸ்துமா உண்டா என்று பார்க்க வேண்டும் என்றும் 2001இல் வெளியான உலகளாவிய மருத்துவ வழிகாட்டி ஒன்று வலியுறுத்தியிருக்கிறது.

திரையில் வந்த எண் 42. நூறு கோடிப் பங்கு காற்றில் 42 பங்கு என்று பொருள். இத்தனை நுண்ணிய அளவை ஒரு குழந்தையின் மூச்சிலிருந்து பிரித்தெடுப்பதை வியக்காமலிருக்க இயலவில்லை. குழந்தைகளுக்கு 20க்குக் கீழே இருந்தால் இவ்வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு, 35க்கு மேலே சென்றால் வாய்ப்பு மிகுதி என்பது அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2011இல் வகுத்த வரையறை.

என் மகளின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் ஆஸ்துமாவா டாக்டர்?" என்றாள். நான் அஞ்சிய வார்த்தை அறையின் நடுவில் விழுந்தது.

மருத்துவர் ஆம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "இந்த எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ள குழந்தைகளுக்கும் இது உயரலாம். அண்மையில் சளிக்காய்ச்சல் வந்திருந்தாலும் உயரலாம். சோதனைக்குமுன் கீரை, பீட்ரூட் தின்றிருந்தாலும் கூடலாம். குறைவாக இருந்தால் நோயே இல்லை என்றும் பொருளில்லை. இது ஒரு தடயம், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடயம் என்னை ஒரு கேள்வியை மறுபடியும் கேட்கச் சொல்கிறது" என்றார். பிறகு என் மகளையோ என்னையோ பாராமல் குழந்தையை நோக்கினார். "ராத்திரி யார் பக்கத்தில் படுத்துக்கொள்வாய், கண்ணு?"

"அம்மாச்சி பக்கத்தில்."

வேறொன்றும் அவள் சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இரவில் எழுப்பி வெந்நீர் கொடுத்த அம்மாச்சி இப்போது சொல்வாள் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே பலமுறை முழங்காலிட்டவள். அன்று போல் என் நா வறண்டதில்லை. இருமலைச் சொன்னேன், சீழ்க்கை ஒலியைச் சொன்னேன், வாரத்தில் எத்தனை இரவு என்று கேட்டதற்கு, "இரண்டு, சில வாரம் மூன்று" என்று சொன்னேன். எத்தனை நாளாக என்றதற்கு, "ஒன்றரை ஆண்டு" என்றேன். என் மகள் வாயே திறக்கவில்லை. தாயிடம் கோபப்படாத பெண் அவள்; அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. மருத்துவரோ கடிந்துகொள்ளவில்லை, "சொன்னீர்களே அம்மா, அது போதும்" என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வேகமாக ஊதிப் பார்க்கும் மற்றொரு சோதனை செய்தார்கள். பலமாக ஊதுவது முதல் கருவியின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் இதை எப்போதும் பின்னால்தான் வைப்பார்களாம். ஒருமுறை ஊதச் செய்து, குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணிக்குப் பின் மறுபடியும் ஊதச் செய்தனர். மருந்துக்குப்பின் மூச்சு தெளிவாகக் கூடியிருந்தது. நான் சொன்னதும் இந்தச் சோதனையும் சேர்ந்தே நோய்க்குப் பெயரிட்டன. ஆம், அதே பெயர்தான்.

எதனால் ஒவ்வாமை என்பதை மூச்சுக் கருவி சொல்லாது. அதற்குத் தோலில் இலேசாகக் கீறிப் பார்க்க வேண்டும், அல்லது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தோல் சோதனையை அன்றைக்கே செய்யலாமென்றால் அங்கும் நான் குறுக்கே நின்றிருந்தேன். இரண்டு நாள்களுக்குமுன் நான் ஊற்றிய சிரப் தோலின் தடிப்பை அமுக்கிவிடுமாம். ஏறத்தாழ ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு வரவேண்டும். வந்தோம். முன்கையில் துளித்துளியாக நீர் வைத்து, ஒவ்வொரு துளியின் வழியாகவும் நுனியால் மெல்லத் தொட்டார்கள். ஊசிக்கு அஞ்சிய குழந்தை அதற்கு அழவில்லை. எறும்பு கடித்த அளவுதான் என்றாள். கால் மணிக்குப் பின் இரண்டு இடங்கள் கொசு கடித்ததுபோல் தடித்தன. ஒன்று கரப்பான். மற்றொன்று வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் அது பெருகுகிறது. வீட்டுத் தூசியின் நச்சு இந்த உயிரியிடமிருந்தே வருகிறது என்பதை 1960களில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

எங்கள் கட்டிலில் இருந்தது என் திருமணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. இடையிடையே பஞ்சை அடித்து நிரப்பியதேயன்றி மாற்றியதில்லை. பேத்தி தும்மும்போதெல்லாம் அதன்மேல் படுக்க வைத்துத்தான் தடவிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கொல்லைக்குத் தூக்கிப் போட்ட நாளில் எனக்கு உண்ணத் தோன்றவில்லை. இப்போது மெல்லிய புது மெத்தை. உறைகளை வாரந்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் காய வைக்கிறேன். கொசுவர்த்திச் சுருளை நிறுத்தி வலை கட்டினோம். ஞாயிறு பூசையில் தூபம் போடும்போது இடப்புறக் கதவருகே நிற்கிறோம். பங்குத்தந்தையிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். ஆயினும் இந்தத் துப்புரவு மட்டும் போதாது, மருந்தே முதன்மையானது என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கூறினார். மூக்குக்கு ஒரு தெளிப்பு மருந்து. நெஞ்சுக்குக் குழாய் பொருத்தி உறிஞ்சும் மருந்து. உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்க வேண்டும். இப்படி உறிஞ்சும் ஸ்டிராய்டு மருந்து 1972இலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டதாம். என் தங்கைக்கு வரன் பார்த்ததற்கு எட்டு ஆண்டுகளுக்குமுன். அவள் கையில் அப்படியொன்றை நான் பார்த்ததே இல்லை. மாத்திரையும் ஊசியுமாகவே காலம் கழித்தாள்.

வாசகத் தாய்மாருக்கு ஒன்று கூறவேண்டும். மூச்சுக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. இல்லையென்று எவரும் ஏங்க வேண்டியதுமில்லை. மூக்கு ஒவ்வாமையை மருத்துவர் பெரும்பாலும் பார்த்தும் கேட்டுமே அறிந்துகொள்கிறார். எங்கள் குழந்தைக்கு அந்த எண் ஓர் உதவி செய்தது. ஒரு முறை கேட்டு நான் மறைத்ததை மறுமுறை கேட்க வைத்தது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு 42 வந்து ஆஸ்துமா இல்லாமலும் இருக்கலாம். எண்ணைக் கேட்டதும் கலங்கிவிடாதீர்கள்.

மூன்று மாதங்களுக்குப் பின் மறுபடியும் சென்றோம். இம்முறை முதல் ஊதலிலேயே மேகம் கோட்டைத் தாண்டவில்லை. எண் 21. "மருந்தை ஒழுங்காக எடுக்கிறாள் என்று இதிலேயே தெரிகிறது" என்றார் மருத்துவர். காலைத் தும்மல் முற்றிலும் நின்றுவிடவில்லை. நான்கு ஐந்தோடு அடங்கிவிடுகிறது. இரவில் இருமலில்லை. பழக்கத்தினால் நான் மட்டும் இரண்டு மணிக்கு விழித்து, இருட்டில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

சென்ற மாதம் பூசை முடிந்து வெளியே வருகையில், எங்கள் அன்பியத்துப் பெண்மணி ஒருவர் பேத்தியின் பையிலிருந்த நீலநிறக் குழாயைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். அவருக்கு மணவயதில் பேரன்மார் உண்டு; ஊரெல்லாம் உறவும் உண்டு. நான் வாய் திறக்குமுன் பேத்தி, "எனக்கு ஆஸ்துமா, ஆச்சி. மூச்சு முட்டினால் இதை உறிஞ்ச வேண்டும். அம்மாச்சிக்கும் போடத் தெரியும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "ஆமாம்" என்றேன்.